நெல்லிக்கனியை மருந்தாக்கியது போதும்

தமிழகத்தின் எந்த ஊரானாலும் சரி, காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிப் பூங்காவின் வாசலில் ஒரு மூலிகைச் சாறு வண்டி நின்றுகொண்டிருக்கும். எவர்சில்வர் தூக்குகளில் அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணி, அவற்றோடு நெல்லிக்காய்ச் சாறு. வண்டியின் முன்னால் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில் ஒவ்வொரு சாற்றுக்கும் நேரே அது தீர்க்கும் நோய்களை எழுதியிருப்பார்கள். நெல்லிக்குத்தான் பட்டியல் நீளம்: சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதய அடைப்பு, கண் பார்வை, இளநரை, புற்றுநோய். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு நடக்கத் தொடங்குகிறார்கள். “மாத்திரையைக் குறைத்துவிட்டேன், இப்போது இதுதான்” என்று பெருமையோடு சொல்பவர்களையும் அங்கே பார்க்கலாம்.

அந்தப் பெருமைதான் கவலை தருகிறது. நெல்லி நம் மண்ணில் விளையும் மிக நல்ல காய்களில் ஒன்று. வறண்ட நிலத்திலும் உவர் நிலத்திலும் காய்க்கும். ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கும். அதைச் சாறாகவும் மாத்திரையாகவும் லேகியமாகவும் மாற்றி, எந்த நோய்க்கும் மருந்து என்று விற்கத் தொடங்கியதில் இரண்டு கேடுகள் நேர்ந்திருக்கின்றன. மருந்து தேவைப்படுகிறவர் மருந்தை விடுகிறார். காய் தேவைப்படுகிற குழந்தையின் தட்டில் காய் இல்லை. நெல்லியைத் திரும்பவும் உணவாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரு நாளைக்கு ஒரு காய்

நெல்லியின் புகழில் பெரும்பங்கு வைட்டமின் சி-யைச் சேர்ந்தது. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்று சந்தைக்கு வரும் ஒட்டுரக நெல்லிக்காய் ஒன்றைத் தராசில் வைத்தால் 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். கொட்டையைக் கழித்தால் சதை ஏறத்தாழ 30 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் நெல்லியில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. அப்படியானால் ஒரு காயில் 75 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அன்றாட அளவு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். ஒரு காயிலேயே அன்றைய தேவை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

இதே நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று இருந்தது. புட்டிகளின் மேலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் இன்றும் சுற்றிவருவது அந்தப் பழைய எண்தான். ரகம் என்ன, எவ்வளவு முற்றியது, பறித்து எத்தனை நாள் ஆனது, எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். புதிய எண்ணை எடுத்துக்கொண்டாலும் நெல்லிக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. கொய்யாவைத் தவிர, நாம் அன்றாடம் உண்ணும் பழங்களில் அதன் பக்கத்தில் வரக்கூடியவை குறைவு. ஒரு நெல்லிக்காய் மூன்று ஆப்பிளுக்குச் சமம் என்று சொல்லிச்சொல்லி வளர்ந்திருக்கிறோம். வைட்டமின் சி-யை மட்டும் பார்த்தால் அந்தப் பேச்சு நெல்லியைக் குறைத்தே சொல்கிறது. ஆப்பிளில் அந்தச் சத்து அவ்வளவு சொற்பம்.

ஒன்று நல்லதென்றால் பத்து இன்னும் நல்லது என்ற எண்ணம்தான் சாறு வண்டியை ஓட்டுகிறது. வைட்டமின் சி விஷயத்தில் உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. உணவில் வழக்கமாகச் சேரும் அளவில் முக்கால் பங்குக்கு மேல் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. அளவு கூடக் கூட உறிஞ்சும் விகிதம் இறங்கும். ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாதிகூட உறிஞ்சப்படுவதில்லை. ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அப்படி வெளியேறுவதில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறியிருக்கும். சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் ஆக்சலேட் என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிரூபிக்கப்பட்டது எது?

நெல்லி உயிர் காத்ததற்கு ஐயமற்ற சான்று ஒன்று உண்டு. இன்று அதை யாரும் பேசுவதில்லை. அன்றைய பஞ்சாப் மாகாணத்தின் ஹிசார் மாவட்டத்தில், 1930-களின் இறுதியில் தொடங்கி 1940-களின் தொடக்கம் வரை கடும் பஞ்சம் நிலவியது. காய்கறியும் பழமும் கண்ணில் படாத நிலையில் மக்களிடம் ஸ்கர்வி பரவியது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், மூட்டு வலிக்கும், பழைய புண்கூட மீண்டும் திறந்துகொள்ளும். வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய் அது. நெல்லியைப் பொடியாகவும் உணவுப் பண்டமாகவும் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினார்கள். 1942-இல் இந்திய மருத்துவ இதழில் அது பதிவாகியுள்ளது. அந்தக் காலத்தில் நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் நம் குன்னூரில்தான் இருந்தது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் சிறிய அளவில் தொடங்கிய அந்தக் கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

ஹிசாரில் நடந்தது எளிமையானது. இல்லாத சத்தை உணவு கொண்டுவந்து சேர்த்தது, நோய் போனது. அதிலிருந்து, சத்துக் குறைவில்லாத ஒருவர் இன்னும் நிறையக் குடித்தால் எல்லா நோயும் போகும் என்று தாவ முடியாது. சளியையே எடுத்துக்கொள்வோம். வைட்டமின் சி-யும் சளியும் குறித்து உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வின் முடிவு இது: தினமும் மாத்திரை சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை; பிடித்த சளி பெரியவர்களிடம் 8 சதவீதம் அளவுக்கு விரைவில் விட்டது. மராத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெறும் படைவீரர்கள் போன்ற கடும் உழைப்பாளிகளிடம் மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. கரோனா காலத்தில் ‘எதிர்ப்புசக்தி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எத்தனை லேகிய டப்பாக்கள் விற்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவு வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அவசியம்.

நெல்லியில் வைட்டமின் சி மட்டும் இல்லை. காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், துவர்ப்பைத் தரும் டானின்கள் என்று பலவும் சேர்ந்திருக்கின்றன. சர்க்கரையும் கொழுப்பும் குறைவதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் இவற்றையே காரணம் காட்டுகின்றன. அந்த ஆய்வுகளை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1988-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் 35 முதல் 55 வயது வரையிலான ஆண்களுக்கு 28 நாள் நெல்லிக்காய் கொடுத்தார்கள். கொழுப்பு இயல்பாக இருந்தவர்களுக்கும் சரி, கூடுதலாக இருந்தவர்களுக்கும் சரி, குறைந்தது. நிறுத்திய இரண்டே வாரத்தில், கூடுதலாக இருந்தவர்களுக்கு ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. பாகிஸ்தானின் பைசலாபாதில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், நெல்லிப் பொடியை நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை மூன்று வாரம் கொடுத்ததில் ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதில் பங்கேற்றவர்கள் மொத்தமே முப்பது பேருக்குச் சற்று அதிகம். அவர்களிலும் பாதிப்பேர் நோயில்லாதவர்கள். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை மருத்துவர்கள் மூன்று மாத சராசரியை வைத்தே முடிவு செய்கிறார்கள். மூன்று வார ஆய்வு அதற்குப் பதில் சொல்லாது. கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றை நெல்லி காத்ததா என்பதற்கு ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அப்படிப்பட்ட சான்று கையில் இல்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பேர் உள்ள நாட்டில், முப்பது பேரிடம் மூன்று வாரம் பார்த்ததை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெருங்குற்றம் என்றே சொல்வேன்.

புளிப்பான காய் என்பதால் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் நெல்லிப் பக்கமே போகக் கூடாது என்பது பொதுவான நம்பிக்கை. ஈரானில் 68 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் நேர்மாறாக, நெல்லி மாத்திரையை உணவுக்குப் பின் நான்கு வாரம் எடுத்துக்கொண்டவர்களுக்கு நெஞ்செரிச்சல் தணிந்தது. இதுவும் சிறிய ஆய்வுதான். உணவுக்குப் பின் சாப்பிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் புளிப்புச் சாறு என்பது வேறு சங்கதி. சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை அவரவர் வயிறே சொல்லிவிடும்.

எங்கே ஆபத்து?

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், வெறும் வயிற்றில் நெல்லிச் சாற்றையும் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் நடந்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் வாய்ப்பு உண்டு. நெல்லி சர்க்கரையை இறக்கும் என்று நம்புகிறவர்கள் இதையும் சேர்த்தே நம்ப வேண்டும். சாறு குடிப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய சிக்கல். மருத்துவர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா” என்று கேட்டால், சாற்றை யாரும் மருந்தாக நினைத்துச் சொல்வதும் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவற்றைச் சாப்பிடும் இதய நோயாளிகள் நெல்லிச் சாறு, நெல்லி மாத்திரை இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை நெல்லிச் சத்து குறைப்பது ஹைதராபாத்தில் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அடைப்பு வராமல் தடுக்க அது உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவருக்கு அதே குணம் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே இவற்றை நிறுத்திவிடுவது பாதுகாப்பு. பல் பிடுங்கப் போகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது சிறுநீரகம். ஸ்வீடனில் 23,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பதினோரு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளியானது. வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. மாத்திரைக்குச் சொன்னதை அப்படியே ஒரு நெல்லிக்காய்க்குச் சொல்ல முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து காயைப் பிழிந்து ஒரு தம்ளரில் ஊற்றும்போது காய்க்கும் மாத்திரைக்கும் இருந்த தூரம் குறைந்துவிடுகிறது.

இதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்தில் வீட்டுத் தோட்டங்களில் இரும்பன்புளி என்ற காய் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். மீன் குழம்பில் போடுவார்கள், ஊறுகாய் போடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அது கொழுப்பைக் குறைக்கும் என்ற பேச்சு கிளம்பிய பிறகு, கெட்டியாகச் சாறு பிழிந்து குடிக்கத் தொடங்கினார்கள். ஆக்சலேட் படிகங்கள் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றி 2013-இல் இந்திய சிறுநீரகவியல் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காயில் ஆக்சலேட் நெல்லியைவிட மிக அதிகம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. என்றாலும், தலைமுறைகளாகக் குழம்பில் தீங்கின்றி இருந்த ஒரு காய் தம்ளருக்கு மாறியதும் ஆளை மருத்துவமனையில் படுக்கவைத்தது என்பது நெல்லிச் சாறு குடிப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கல் வந்து போனவர்கள், கிரியேட்டினின் கூடியவர்கள் நெல்லிச் சாற்றைத் தவிர்க்கட்டும். அவர்கள் காயாகச் சாப்பிடுவதற்கும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்வது நல்லது.

பல்லை மறந்துவிடுகிறோம். புளிப்புச் சாற்றைத் தினமும் மெதுவாக உறிஞ்சிக் குடித்தால் எனாமல் அரிக்கும், பல் கூசும். குடித்த உடனே பல் துலக்குவது இன்னும் கெடுதல். வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். தலசீமியா போல உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்கள் வைட்டமின் சி அதிகமுள்ள எதையும் மருத்துவர் சொல்லாமல் அதிகம் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் காய் நல்லது. மாத்திரையும் செறிவூட்டிய சாறும் அவர்களுக்குப் பாதுகாப்பானவை என்று காட்டும் ஆய்வுகள் போதாது.

தேனில் ஊறிய சர்க்கரை

நெல்லியின் பெயரால் விற்கும் பண்டங்களில் ஆகக் கேடானது எது என்று கேட்டால், தயங்காமல் தேன்நெல்லியைச் சொல்வேன். சுற்றுலாத் தலங்களிலும், நெடுஞ்சாலைக் கடைகளிலும், இப்போது மளிகைக் கடைகளிலும் பளபளவென்று கண்ணாடிப் புட்டிகளில் அடுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலானவை சர்க்கரைப் பாகில் ஊறியவை. உண்மையிலேயே தேன் என்றாலும் தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். வேகவைத்துப் பாகில் போட்டு மாதக்கணக்கில் வைத்த காயில் எஞ்சியிருக்கும் வைட்டமின் சி-யும் கொஞ்சம்தான். சர்க்கரை நோயாளிகளே இதை ‘நெல்லி’ என்று நம்பித் தினம் ஒன்று எடுத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பதே மேல் என்கிறது. நான்கு தேன்நெல்லியும் இரண்டு காபியும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். லேகியங்களிலும் பெரும்பங்கு வெல்லமும் சர்க்கரையும்தான். கரோனா காலத்தில் சியவனப்பிராசத்தைப் பரிந்துரைத்த ஆயுஷ் அமைச்சகமே, சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை சேர்க்காததைச் சாப்பிட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஊறுகாய்க்கும் இதே கதை, சர்க்கரைக்குப் பதில் உப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர் நெல்லிக்காய் ஊறுகாயை மருந்தென்று நினைத்துத் தயிர்ச்சாதத்தோடு அள்ளி வைத்துக்கொள்வதில் எந்த நன்மையும் இல்லை.

விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருளின் மேல் நோய் தீர்க்கும் என்று எழுதக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் சொல்கின்றன. இருந்தும் அதியமான் அவ்வைக்குக் கொடுத்த கனி என்ற வாசகத்தோடு, “சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு” என்று அச்சிட்ட புட்டிகள் கடைகளில் இருக்கின்றன. யூடியூபில் பேசுபவர்களைக் கேட்கவே ஆளில்லை. ஒரு தள்ளுவண்டிக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதால் எதுவும் மாறாது. புட்டியில் அடைத்து விற்கும் பெரிய நிறுவனங்களின் லேபிளிலிருந்தும் இணைய விளம்பரங்களிலிருந்தும் உணவுப் பாதுகாப்புத் துறை தொடங்கட்டும்.

தட்டில் வைக்க வேண்டிய காய்

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தரும் கணக்குப்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். பொருளாதாரத்திலும் மருத்துவக் கட்டமைப்பிலும் முன்னணியில் உள்ள மாநிலத்துக்கு இது பெரிய தலைக்குனிவு. இரும்புச்சத்து மாத்திரை பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படுகிறது. அரிசியும் பருப்பும் கீரையும் உண்கிறோம். அவற்றிலும் இரும்பு இருக்கிறது. அது உடலில் சேர்வதில்லை என்பதுதான் நோவு. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்காது. கூடவே வைட்டமின் சி போனால் அது கரைந்து ஏற்கத்தக்கதாக மாறுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நேர்மாறு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வளரிளம் பருவத்தினருக்கு அரிசிச் சாப்பாட்டோடு கொய்யாப்பழம் கொடுத்துப் பார்த்தார்கள். உணவிலிருந்து உடல் ஏற்ற இரும்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. நெல்லியைச் சேர்த்தால் உணவில் உள்ள இரும்பு எளிதில் கிடைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. நெல்லியில் டானினும் இருப்பதால் கொய்யாவின் முடிவை அப்படியே நெல்லிக்குப் போட்டுவிட முடியாது. டானின் இரும்பைப் பிடித்துவைக்கும் குணம் கொண்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் நேரடியாகச் சோதித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

தமிழகத்தில் வளரிளம் பெண்களுக்கு அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கு சித்த மருந்துகளையும் சேர்த்து 45 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. சுமார் 2,300 பேர் முழுமையாக எடுத்துக்கொண்டார்கள், ஹீமோகுளோபின் உயர்ந்தது. மகிழ்ச்சி தரும் முயற்சி. அன்னபேதி என்பதே இரும்பு உப்பு. ஆகவே உயர்வில் நெல்லியின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த ஆய்வு அந்தக் கேள்வியோடு தொடங்க வேண்டும்.

இதற்கான அடுப்படி நம்மிடம் ஏற்கெனவே எரிகிறது. 1982 முதல் சத்துணவு, 2022 முதல் காலை உணவு, ஊர்தோறும் அங்கன்வாடி. நெல்லி சந்தைக்கு வரும் மாதங்களில் வாரம் மூன்று நாள், ஒரு பிள்ளைக்கு ஒரு காய் என்ற கணக்கில் சமையலில் சேர்ப்பது பெரிய செலவு பிடிக்காது. திண்டுக்கல், தேனி பகுதிகளில் நெல்லி பயிரிடும் விவசாயிகள், வரத்து கூடி விலை சரியும்போது பறிகூலிகூடக் கட்டவில்லை என்று புலம்புவதைக் கேட்கிறோம். சத்துணவுக்கு அரசே நேரடியாகக் கொள்முதல் செய்தால் அவர்களுக்கும் ஒரு நிலையான விலை கிடைக்கும்.

பிள்ளைகள் துவர்ப்பைச் சாப்பிடுவார்களா என்று கேட்பவர்கள் பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நெல்லிக்காய் தின்னும் கூட்டத்தைப் பார்த்ததில்லை போலும். சமையலில் வழி நிறைய உண்டு. காயைத் துருவி, எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளிப்பதுபோல் கடுகு, கடலைப்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு துருவலைப் போட்டுச் சாதத்தோடு பிசைந்தால் நெல்லிக்காய்ச் சாதம். அணைத்த பிறகு போடுவதில்தான் விஷயம்; கொதிக்கவிட்டால் வைட்டமின் சி போய்விடும். துவாதசியன்று பாரணைக்குச் செய்யும் நெல்லிக்காய்ப் பச்சடி பல வீடுகளில் இன்னும் உண்டு: தேங்காய், பச்சைமிளகாயோடு பச்சைக் காயை அரைத்துத் தயிரில் கலக்கி மேலே தாளித்துக் கொட்டுவது. முந்தின நாள் பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதல் உணவாக அதை வைத்த பாட்டிகளுக்கு வைட்டமின் தெரியாது, அளவு தெரிந்திருந்தது. எட்டுப் பேர் இருந்த வீட்டுக்கு நான்கு காய்தான் அரைத்தார்கள். தினசரிச் சமையலில் கொத்தமல்லித் துவையலோடு ஒன்று, ரசத்தை இறக்கிய பிறகு துருவிப் போட ஒன்று என்று சேர்க்கத் தொடங்கினாலே போதும். இரும்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் நெல்லியைக் கீரையும் பருப்பும் உள்ள சாப்பாட்டு வேளைக்கு வைத்துக்கொண்டு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் இன்னும் நல்லது.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நெல்லிமுள்ளிக்கும் இடம் உண்டு. திரிபலாவில் கடுக்காய், தான்றிக்காயோடு சேர்வது அதுதான். வெயிலில் காய்ந்ததால் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு, பயிற்சி பெற்ற சித்த மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம். சித்த மருத்துவத்தில் தேர்ந்தவர்கள் நோயாளியின் மற்ற மருந்துகளையும் கேட்டுத்தான் கொடுப்பார்கள். பிரச்சினை அவர்களிடம் இல்லை. எந்த மருத்துவமும் படிக்காமல் புட்டியையும் வீடியோவையும் வைத்து மருத்துவம் பார்ப்பவர்களிடம்தான்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறைகள் ஆகிய மூன்றையும் சேர்த்து, வரும் நெல்லிப் பருவத்திலேயே ஒரு மாவட்டத்தில் சத்துணவில் நெல்லி சேர்க்கும் சோதனையைத் தொடங்கலாம். பாதிப் பள்ளிகளில் சத்துணவோடு நெல்லி, மீதிப் பள்ளிகளில் இப்போதுள்ள உணவே. தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் பிள்ளைகளின் ஹீமோகுளோபினைப் பார்த்து, முடிவு எதுவானாலும் மக்கள் முன் வைக்க வேண்டும். பலன் தெரிந்தால் மாநிலம் முழுவதும் விரிக்கலாம்.

சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மருந்து எடுத்துவரும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, நீங்கள் குடிக்கும் சாறு, சாப்பிடும் லேகியம், பொடி எல்லாவற்றையும் மாத்திரைச் சீட்டோடு சேர்த்து எழுதிக் கொண்டுபோங்கள். மாத்திரையைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் அவர் சொன்ன பிறகு செய்யுங்கள். வழியில் சந்தையில் கால் கிலோ நெல்லிக்காய் வாங்கிக்கொள்ளுங்கள்; வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் அது முதலில் போகட்டும்.